சில்லுக் குழியில் போட்ட காசு

கல்லை நக்குகிற ஆட்களை நெவா மெண்டியோலாவுக்குக் கண்ணெடுத்தும் பார்க்கப் பிடிக்காது. அமெரிக்காவில் எங்கள் கிழக்கு ஆரிகன் பக்கம் அந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. எரிமலைக் கண்ணாடிக் கல் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும், மண் போய் நிறம் தெரியட்டும் என்று நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்குவார்கள். நக்கியதைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார்கள். அவரும் வெட்கமில்லாமல் வாங்கி வெயிலில் தூக்கிப் பார்ப்பார். அந்த எச்சில் காய்ந்த கற்கள்தான் பஞ்சு வைத்த பெட்டியில் அடைபட்டு நெவாவின் மேஜைக்கு வந்து சேரும். இருபத்திரண்டு வருஷமாக அவள் ஊரான் எச்சிலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆல்கலி வெல்ஸ் ஊரில், முன்பு மாட்டு டாக்டர் வைத்திருந்த கட்டடத்தில்தான் அந்தப் பரிசோதனைக்கூடம். மழை பெய்தால் இன்னும் கன்றுக்குட்டி வாடை கிளம்பும். நடத்துகிறவர் ஹால்வர்சன் என்ற கிழட்டுப் புவியியல்காரர். கெட்டிக்காரர், முட்டிவலிக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நெவாவைத் தரை துடைக்கத்தான் கூப்பிட்டார். அவள் மூன்றாம் மாதமே மெஷின் ஓட்டப் பழகிவிட்டாள். கல்லை உள்ளே வைத்து எக்ஸ்ரே பாய்ச்சினால் ருபீடியம் இவ்வளவு, ஸ்ட்ரான்ஷியம் இவ்வளவு, சிர்கோனியம் இவ்வளவு என்று எண்கள் வரும். ஒவ்வொரு எரிமலைக் குழம்புக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒரே இடத்தில் உறைந்த கல்லுக்கெல்லாம் ஒரே மாதிரி எண்கள்தான். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ செதுக்கிய ஈட்டி முனையைக் கொடுத்தால், அந்தக் கல் கிளாஸ் பியூட் மலையில் பிறந்ததா, ஹார்ஸ் மவுண்டனில் பிறந்ததா என்று மெஷின் சொல்லிவிடும். செதுக்கியது யார், எப்போது என்று மட்டும் அதற்குத் தெரியாது. எல்லா அயோக்கியத்தனமும் அந்தச் சந்துக்குள்தான் புகுந்தது.

அறிக்கையின் கடைசியில் ஹால்வர்சன் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே சின்னதாக நெ.மெ. என்று இரண்டு எழுத்து இருக்கும். இந்தக் கல்லைக் கழுவி, மெஷினில் வைத்து, எண்ணைப் படித்தது நான்தான் என்று அதற்கு அர்த்தம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, படிப்பும் பத்தோடு சரி. அவளுக்கென்று உலகத்தில் இருந்த பெருமை அந்த இரண்டு எழுத்துதான்.

கல் அனுப்புகிறவர்களில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் உண்டு, சாலை போடுமுன் மண்ணைத் தோண்டிப் பார்க்கிற அரசாங்க ஆட்களும் உண்டு. நெவாவுக்குக் குமட்டியது மூன்றாவது வகையைப் பார்த்து. விலைக்கு வாங்கி விலைக்கு விற்கிற ஆட்கள் அவர்கள். பளபளப்புக்கு நகப்பூச்சு அடித்து அனுப்புவான் ஒருவன். பழசாகத் தெரிய ஷூ பாலிஷ் தேய்ப்பான் இன்னொருவன். செத்தவர்களின் பக்கத்திலிருந்து பிடுங்கியதையே கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வந்தவனுக்கெல்லாம் பீர் கொடுத்துக் காட்டுகிறவர்களும் இருந்தார்கள். நக்குகிற நாய்க்குச் செக்கு என்ன, சிவலிங்கம் என்ன? அவள் கையுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டுதான் அந்தப் பெட்டிகளைத் திறப்பாள்.

வீட்டில் தம்பி லாயிட் இருந்தான். ஐம்பத்தேழு வயசு, இரண்டு மனைவிகள் விட்டுப் போனவன், நெடுஞ்சாலை வேலையில் முதுகு போய் அக்கா வீட்டோடு வந்தவன். கல் கொத்துவதில் இந்த வட்டாரத்திலேயே அவனுக்கு நிகர் கிடையாது. மான் கொம்பை வைத்துத் தட்டினான் என்றால் கண்ணாடிக் கல் இலை இலையாக உரியும். வருஷத்துக்கு ஒருமுறை கிளாஸ் பியூட்டில் கல் கொத்துகிறவர்கள் கூடாரம் போட்டுக் கூடுவார்கள். அங்கே ஆளாளுக்கு அவன் முனையைக் கேட்டு வாங்கிப் போவார்கள். அடியில் வைரஊசியால் எல்.எம். என்று கீறித்தான் கொடுப்பான். புதுசைப் பழசென்று எவனும் ஏமாறக் கூடாது.

அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கொத்தும்போது தெறிக்கிற சில்லுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. குழி வெட்டி, அடியில் அந்தந்த வருஷத்துக் காசு ஒன்றைப் போட்டு, அதன் மேல்தான் கொட்ட வேண்டும். ஆயிரம் வருஷம் கழித்து எவனாவது தோண்டி, ஆகா ஆதிமனிதன் என்று குதிக்கும்போது, காசு அவன் தலையில் குட்டும். நெவாவின் அப்பா சாகும்வரை அப்படித்தான் செய்தார். லாயிடும் கொல்லைக் கொட்டகைக்குப் பின்னால் வருஷா வருஷம் ஒரு குழி வெட்டி, ஒரு சென்ட் காசைப் போடுவான். தம்பியின் குடியையும் சோம்பேறித்தனத்தையும் நெவா பொறுத்துக்கொண்டதற்கு அந்த ஒரு சென்ட்தான் காரணம் என்றால் மிகையில்லை.

அந்த வருஷம் பிப்ரவரி நடுவில் லாயிட் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டான். கண்ணாடிக் கல் வெட்டு கத்தி வெட்டை விடப் பொல்லாதது. இவன் அழுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு வாரம் சும்மா இருந்ததில் விரல் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்து, கவனிக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மிரட்டி அனுப்பினார். தினமும் சாயந்தரம் நெவாதான் கட்டைப் பிரித்து, சீழைப் பிதுக்கி, வெந்நீரில் கழுவி, வெள்ளைத் துத்தநாகக் களிம்பை அப்பிக் கட்டுவாள். அந்த நாற்றத்தில் அவளுக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் கூடப் பிறந்தவன் விரலாயிற்றே.

மார்ச் நடுவில் அந்தப் பெட்டி வந்தது. முப்பத்தொரு ஈட்டி முனைகள். வறண்ட ஏரி ஒன்றின் கரையில், பண்ணைக்காரர் வேலிக்கால் நடக் குழி தோண்டும்போது ஒரே குவியலாகக் கிடைத்தனவாம். விற்கப் போகிற ஏலக்காரர் கடிதம் வைத்திருந்தார். கல் எந்தெந்த மலையுடையது என்று மட்டும் சொன்னால் போதும், எதையும் வெட்டிப் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தார். மெல்லிய துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கல்லின் தோல் எவ்வளவு காலமாக ஈரம் குடித்திருக்கிறது என்று தெரிந்து, செதுக்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்பது பிடிபட்டுவிடும். அழகான சாமானை வெட்ட யாருக்கும் மனசு வராதுதான். அதனால் நெவா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் எட்டு முனைகளை வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவதை வைத்ததும் திரையில் வந்த எண்களைப் பார்த்து அவள் எழுந்து நின்றுவிட்டாள். அது பெயரில்லா-இரண்டு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளே கண்டுபிடித்த கல் அது. ஹால்வர்சனுக்கு முட்டிவலி என்பதால் ஒரு ஓடைச் சரிவில் மாதிரி எடுக்க அவளை அனுப்பினார். லாயிட்தான் பிக்கப் ஓட்டினான், மூட்டையும் சுமந்தான். முட்செடிக்குள் ஒரு வீட்டுத் திண்ணை அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த பாறை. உடைத்தால் கறுப்புக்குள் பச்சை ஒளி ஓடும். எந்தப் பட்டியலிலும் இல்லாத எண்கள். ஹால்வர்சன் அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். பழைய ஆட்கள் யாராவது அந்தக் கல்லில் ஒரு முனையாவது செய்திருந்தால்தான் அதற்கு ஒரு கதை உண்டு, அதுவரை அது வெறும் பாறை என்பார். ஆறு வருஷமாக வந்த எந்தப் பெட்டியிலும் அது இல்லை. இந்தப் பெட்டியில் ஏழு இருந்தன. ஹால்வர்சன் முட்டிவலியை மறந்து நடந்தார். அந்தப் பாறைக்கு நெவாவின் பெயரையே வைக்கப் போவதாகச் சொன்னார். அறுபத்தொரு வயசில் அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இந்த மாவட்டத்து மண்ணிலிருந்து இப்படி ஏதாவது வந்தால், இந்த மண்ணின் பூர்வகுடிகளான பயூட் மக்களின் அலுவலகத்துக்கு ஹால்வர்சன் போன் செய்துவிடுவார். சட்டம் கேட்காவிட்டாலும் மரியாதை கேட்கிறது என்பது அவர் கட்சி. அங்கே இந்த வேலைகளைப் பார்க்கிற ரீனா வில்லோபி வியாழக்கிழமை வந்தாள். ஐம்பது வயசிருக்கும். அதிகம் பேசமாட்டாள், சிரித்தால் நன்றாகச் சிரிப்பாள். நெவாவின் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் அவளை அழைத்துப் போக லாயிடும் அந்த நேரம் பார்த்து வந்து வாசலில் நின்றான்.

ரீனா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். எதையும் தொடவில்லை. மேஜை மேல் வரிசையாக வைத்திருந்த முப்பத்தொன்றையும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் மொழியில், அடுத்த அறையில் தூங்குகிறவரை எழுப்பாமல் பேசுகிற குரலில், எதையோ சொன்னாள். ஹால்வர்சன் தலையைக் குனிந்துகொண்டார். நெவா திரும்பிப் பார்த்தாள். வாசலில் லாயிட் தன் நல்ல தொப்பியைக் கழற்றி, கட்டுப்போட்ட கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி நின்றிருந்தான். என் தம்பிக்கு என்ன குறை இருந்தாலும் அப்பா வளர்ப்பு வீண் போகவில்லை என்று அவள் நினைத்தாள். வழியில் அவனுக்குப் பிடித்த சொரீசோ என்ற காரத் தொத்திறைச்சி வாங்கிக்கொண்டு போய் அவரைக்காயோடு சமைத்துப் போட்டாள்.

அடுத்த வாரம், கட்டுரைக்கு எல்லா எண்களும் வேண்டும் என்று ஹால்வர்சன் கேட்டார். வழக்கமாக நான்கைந்து தனிமங்களைத்தான் பார்ப்பார்கள். நெவா முழு அட்டவணையையும் இழுத்து வைத்து வரி வரியாகச் சரிபார்த்தாள். ஒன்பதாம் எண்ணில் துத்தநாகம் இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு இருந்தது. அதே பாறைக் கல்லான மற்ற ஆறிலும் அப்படி இல்லை. மேலே ஏதோ ஒட்டியிருக்க வேண்டும். கல்லை எடுத்து விளக்கடியில் திருப்பினாள். அடிப்பகுதியில் ஈட்டிக் கம்பைச் சொருகுகிற பள்ளத்தில், நகத்தால்கூட எட்டாத மடிப்பில், பழுப்பு மண்ணுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பொட்டு. வெந்நீரில் ஊறப்போட்டாள். வாடை மேலே வந்தது. ஒரு மாதமாகச் சாயந்தரம் சாயந்தரம் அவள் மூக்கில் ஏறிய அதே வாடை.

முதலில் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். எல்லோரையும் எச்சில் எச்சில் என்று திட்டுகிறவள், தம்பி புண்ணைத் தொட்ட கையோடு கல்லைத் தொட்டுவிட்டாளோ? ஆனால் கையுறை இல்லாமல் அவள் ஒரு நாளும் கல்லைத் தொட்டதில்லை. களிம்புக்கு மேலேதான் மண் இருந்தது. மண்ணோ ஐயாயிரம் வருஷத்து மண் என்று பேர். அவள் கல்லைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை லாயிட் சிநேகிதன் வீட்டுக்குக் குதிரை பார்க்கப் போனான். நெவா மண்வெட்டியோடு கொட்டகைக்குப் பின்னால் போனாள். மேலே இரண்டு விரல்கடை கறுப்புச் சில்லு, அதற்குக் கீழே பச்சை ஒளி. வாளி வாளியாக அள்ளினாள். கோழிச் சாணமும் பழைய எண்ணெயும் கலந்து வேக வைத்த ஒரு தகரடப்பா வந்தது, புதுக்கல்லை மங்க வைப்பதற்கு. மூடியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் வேலிப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வந்து தோண்டினாள். குழியின் அடியில், சுத்தமான மணலில், தலைப்பக்கம் மேலே தெரியும்படி ஒரு சென்ட் காசு. 2021, அந்த வருஷத்துக் காசு.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவன் ஒரே குழிக்குள் இரண்டையும் செய்திருந்தான்.

அன்று மத்தியானமே பரிசோதனைக்கூடத்தைத் திறந்து பச்சைச் சில்லுகளைத் தாள் விரித்துப் பரப்பினாள். நான்கு மணி நேரம் ஆயிற்று. ஒன்பதாம் முனையின் இடது விளிம்பில் ஒரு சில்லு, பானைக்கு மூடி போல, கச்சிதமாக உட்கார்ந்தது. பதினான்காம் முனையில் இன்னொன்று. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

லாயிட் ஆடை படிந்த பழைய பீன்ஸைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். அவள் காசை மேஜை மேல் வைத்தாள். அவன் பார்த்தான். அடுப்பை அணைத்தான். பொய் சொல்ல முயலவே இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஏலக்காரன் இரண்டு வருஷமாகப் பின்னாலேயே வந்தானாம். பண்ணைக்காரனும் அவனுக்கு உடந்தையாம். ஒரே மலைக் கல்லாக இருந்தால் சந்தேகம் வரும், அஞ்சு மலைக் கல்லாக இருந்தால் அந்தக் காலத்து வியாபாரக் குவியல் மாதிரி இருக்கும் என்று யோசனை சொன்னது லாயிடாம். எந்த மலைக் கல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருஷமாக அக்கா சாப்பாட்டு மேஜையில் சொன்ன கதைகள்தான்.

"என் வாயிலேர்ந்து புடுங்கி வித்திருக்க," என்றாள் நெவா. "அந்தப் பச்சைக் கல்லை ஏன்டா எடுத்த? அது எங்க ஃபைல்ல இருக்குன்னு தெரியாதா உனக்கு?"

"பேரே வைக்காத கல்லுதானே, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்." அவன் தலையைச் சொறிந்தான். "அதோட, நெவா, அது மாதிரி உடையிற கல்லை நான் பார்த்ததே இல்ல. வெண்ணெய். கை சும்மா இருக்கல."

"பேரு வைக்காததுன்னா தெரியாததுன்னு அர்த்தமா? அந்த மூட்டையத் தூக்கினதே நீதானேடா."

அவன் மெதுவாக, தான் யாரையும் அடிக்கவில்லை, யார் கல்லறையையும் தோண்டவில்லை என்று ஆரம்பித்தான். பணக்காரன் ஒருத்தன் வாங்கி அலமாரியில் வைக்கப் போகிறான், அதில் யாருக்கு என்ன குறைந்துவிடும்? நிஜமான கல்லறையைத் தோண்டுவதற்கு இது மேல் இல்லையா? நெவா காசை அவன் பக்கம் தள்ளினாள். ஒன்று மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அப்புறம் இந்தக் காசு எதுக்கு?"

லாயிட் நிஜமாகவே திகைத்தான். "அப்பா சொல்லியிருக்காரே. பின்னால வர்றவன் ஏமாறக் கூடாதுல்ல?"

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. மனசு புண்பட்டதுபோல்கூட இருந்தது. ஆயிரம் வருஷம் கழித்து வரப்போகிற முகம் தெரியாத எவனுக்கோ நாணயமாக இருந்துவிட்டான். ஒரே வீட்டில் இருந்து தன் புண்ணுக்கு மருந்து போட்டவளை ஏமாற்றுவது அவனுக்கு உறுத்தவே இல்லை. சீ, இந்த விரலுக்கா நான் சீழ் பிதுக்கினேன் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவன் அந்த முகத்தை வைத்துக்கொண்டே கெஞ்ச ஆரம்பித்தான். "நீ ஒண்ணும் பொய் எழுத வேண்டாம். கல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னுதானே கேட்டிருக்கான்? அதை மட்டும் எழுது. அது நெசந்தானே? நீ வேற எதையாவது எழுதினா நான் ஜெயிலுக்குப் போவேன். உனக்கு என்னை விட்டா வேற யாரு இருக்கா?"

அதுதான் உண்மை. வேறு யாரும் இல்லை.

திங்கட்கிழமை ஹால்வர்சனிடம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். அவர் போட்டோக்களைப் பார்த்தார், சில்லைப் பொருத்திப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருஷமாக நெவா மரியாதையோடு பார்த்த மனிதர் அவர். கடைசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். கட்டுரையைக் கிழித்துவிடலாம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஏலக்காரர் கோர்ட்டுக்குப் போகிற ஆள். கூடத்து ஊழியரின் வீட்டிலிருந்தே போலி வந்தது என்றால், இதுவரை கொடுத்த ஆயிரக்கணக்கான அறிக்கைகளையும் ஊர் சந்தேகப்படும்.

"நம்மகிட்ட கேட்டது கல்லு எங்கேருந்துன்னு மட்டுந்தான், நெவா. அதை மட்டும் எழுதிக் கொடுத்துடலாம். அது பொய்யில்லையே."

தம்பி சொன்ன வார்த்தை. அவன் குடிகாரன், இவர் டாக்டர் பட்டம் வாங்கியவர். இரண்டு பேருக்கும் ஒரே வாய்.

"அதைத்தான் அவனும் சொன்னான்," என்றாள் அவள். "நேத்து ராத்திரி எங்க சமையலறையில நின்னுக்கிட்டு. நீங்க இங்க நின்னு சொல்றீங்க."

அவர் முகம் சிவந்தது. அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. தன் இடத்துக்குப் போய், அந்த ஒரு சென்ட் காசை மெஷினுக்குள் வைத்து மூடினாள். மேலே செம்புப் பூச்சு, உள்ளே துத்தநாகம். திரையில் இரண்டும் எழும்பின. பிறகு உட்கார்ந்து அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். முப்பத்தொரு முனைகளுக்கும் எண்கள், மலைகள், எதையும் மாற்றவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தாள்.

உருப்படி 32: ஒரு சென்ட் காசு, ஆண்டு 2021. ஆல்கலி வெல்ஸ், என் வீட்டுக் கொல்லையில் உள்ள சில்லுக் குழியின் அடியில் கிடைத்தது. இதன் மேல் கிடந்த சில்லுகள் 9, 14 ஆகிய முனைகளில் பொருந்துகின்றன. முனைகளைச் செய்தவர் லாயிட் மெண்டியோலா, என் தம்பி. நெ.மெ.

மூன்று நகல் எடுத்தாள். ஏலக்காரருக்கு ஒன்று, ஷெரீப் ஆபீசுக்கு ஒன்று, பயூட் அலுவலகத்துக்கு ஒன்று. ஹால்வர்சனின் மேஜையில் வைத்து, கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் போகப் போகிறது என்றாள். அவர் மத்தியானம்வரை அதைத் தொடவில்லை. மூன்று மணிக்கு நொண்டிக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். போட்டுவிட்டார் என்பதற்காக அவள் அவரை மன்னித்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

லாயிட் அன்று சாயந்தரமே மூட்டை கட்டினான். நெவாடாவில் யாரோ இருக்கிறார்களாம். ஷெரீப் ஆட்கள் எப்படியும் அங்கே வந்து பிடிப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும். வாசலில் நின்று, இதை அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டான். யாரைக் குறை சொல்லிக் கேட்டான் என்று நினைக்கிறீர்கள்? அவளைத்தான். அவள் மிச்சமிருந்த களிம்பு டப்பாவை அவன் சட்டைப் பையில் திணித்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் பயூட் அலுவலகத்துக்குத் தாளைத் தபாலில் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. தானே எடுத்துக்கொண்டு போனாள். ரீனா காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளைப் போல மெதுவாகப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உன் தம்பின்னா, அன்னைக்கு வாசல்ல நின்னாரே? தொப்பியக் கழட்டிட்டு?"

"அவன்தான்," என்றாள் நெவா. மன்னிப்புக் கேட்டாள். ரீனா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தாளை நான்காக மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் மடித்தாள்.

"நான் அன்னைக்கு அந்தக் கல்லுங்ககிட்ட என்ன பேசினேன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"எங்கம்மா பழைய சாமான் எதைப் பார்த்தாலும் சொல்லுவாங்க, அதைத்தான் சொன்னேன். உங்களச் செஞ்ச கை நல்லா இருக்கணும், அந்தக் கைக்கு ஒரு நோவும் அண்டக் கூடாதுன்னு." ரீனா தாளை மேஜையில் வைத்துத் தள்ளினாள். அவள் உதடு அருவருப்பில் கோணிக்கொண்டது. "மனசாரச் சொல்லிட்டேன், நெவா. அதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல."

நெவா காபியைக் குடிக்கவில்லை. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தாள். சாவியைப் போடாமல் நாட்களை எண்ணினாள். ரீனா வந்து பேசியது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் லாயிட் விரலில் கட்டைப் பிரித்தபோது சீழ் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீக்கம் வடிந்தது. அடுத்த வாரத்தில் புண் தழும்பில்லாமல் மூடிக்கொண்டு, விரல் பழையபடி மடங்கியது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். மாத்திரை வேலை செய்துவிட்டது என்றுதான் அவள் அப்போது சந்தோஷப்பட்டாள்.